கியர் பல்லை வழவழப்பாக்கினால் உராய்வு எவ்வளவு குறையும்?

கேள்வி இதுதான். ஒற்றை நிலை ஸ்பர் (நேர்ப்பல்) கியர்பாக்ஸ், மைய தூரம் 200 மி.மீ., விகிதம் 3, பினியன் (சிறிய கியர்) நிமிடத்துக்கு 1500 சுற்று, பல்லின் அகலம் 60 மி.மீ., கடத்தும் திறன் சுமார் 88 கிலோவாட். கார்புரைஸ் செய்து (மேற்பரப்பில் கார்பன் ஏற்றிக் கடினமாக்கி) கிரைண்டிங் போட்ட எஃகுப் பற்கள். இரண்டு கியரிலும் சொரசொரப்பு ஆர்.ஏ. (நடுக்கோட்டிலிருந்து மேடு பள்ளங்கள் விலகும் சராசரி அளவு) 0.4 மைக்ரான். வி.ஜி. 220 பாகுநிலைத் தரமுள்ள மினரல் எண்ணெய். பெட்டி சூடாக ஓடுகிறது. பற்களை இன்னும் பாலிஷ் செய்தால் உராய்வு குறையுமா, செலவுக்குத் தகுமா?

குறையும். ஆனால் எவ்வளவு குறையும் என்பதைச் சொரசொரப்பை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஓடும்போது இரு பற்களுக்கும் நடுவில் எத்தனை மைக்ரான் எண்ணெய் நிற்கிறது என்று தெரிந்தால்தான் 0.4 என்ற எண்ணுக்கு அர்த்தம் வரும். வேகமாக ஓடும் டர்பைன் கியரில் அது கண்ணாடி மாதிரி. மெதுவாகச் சுற்றும் மில் கியரில் அதே 0.4 அரம் மாதிரி வேலை செய்யும்.

உங்கள் கியரையே எடுத்துக் கணக்குப் போடுவோம். பிட்ச் கோட்டில், அதாவது பற்கள் வழுக்காமல் உருளும் இடத்தில், இரு பற்களும் தொடும் இடம் கோடு அல்ல, எஃகு கொஞ்சம் நசுங்குவதால் உண்டாகும் ஒரு பட்டை. பல் அகலத்தில் மில்லிமீட்டருக்கு 200 நியூட்டன் சுமை வரும்போது அந்தப் பட்டையின் அகலம் 0.34 மி.மீ., நடுவில் அழுத்தம் சுமார் 750 மெகாபாஸ்கல். இந்த அழுத்தத்தில் எண்ணெயின் பாகுநிலை பல்லாயிரம் மடங்கு கூடி, ஏறக்குறைய திடப்பொருள் போல நடந்துகொள்ளும். அதனால்தான் அது பிதுங்கி ஓடிவிடாமல் இடையில் நிற்கிறது. 1940களில் சோவியத் ஒன்றியத்தில் எர்டெலும் குரூபினும் இதைக் கணித்துக் காட்டினார்கள். பிறகு இங்கிலாந்தில் டௌசனும் ஹிக்கின்சனும் இந்த எண்ணெய்ப் படலத்தின் தடிப்புக்குக் கொடுத்த சூத்திரத்தைத்தான் இன்றும் கோட்டுத் தொடுகைக்குப் பயன்படுத்துகிறோம்.

அந்தச் சூத்திரத்தில் மனதில் பதிய வேண்டியவை இரண்டு அடுக்குகள். படலத்தின் தடிப்பு, வேகத்தையும் பாகுநிலையையும் பெருக்கிவரும் எண்ணின் 0.7 அடுக்குக்கு ஏற்பக் கூடும். சுமையின் 0.13 அடுக்குக்கு ஏற்பக் குறையும். சுமையை இரட்டிப்பாக்கினால் படலம் 9 சதவீதம்தான் மெலியும். வேகத்தைப் பாதியாக்கினால் 38 சதவீதம் மெலிந்துவிடும். ‘லோடு ஜாஸ்தி, அதனால் படலம் உடைகிறது’ என்று சொல்லப்படும் பல இடங்களில் உண்மையான காரணம் குறைந்த வேகமோ அதிகச் சூடோதான்.

பல்லின் மேற்பரப்பு 90 டிகிரியில் இருந்தால் வி.ஜி. 220 எண்ணெய், 40 டிகிரியில் காட்டும் 220 சென்டிஸ்டோக்ஸிலிருந்து சுமார் 25-க்கு இறங்கிவிடும். அந்த எண்ணோடு உங்கள் கியரின் வேகத்தையும் வளைவு ஆரத்தையும் சேர்த்தால் படலத்தின் குறைந்தபட்சத் தடிப்பு 0.33 மைக்ரான் வருகிறது.

இனி லாம்டா. படலத் தடிப்பை இரு பரப்புகளின் கூட்டுச் சொரசொரப்பால் வகுப்பதுதான் லாம்டா விகிதம். கூட்டுச் சொரசொரப்புக்கு ஆர்.ஏ. மதிப்பை அப்படியே போடக்கூடாது. ஆர்.கியூ. (அதே விலகல்களின் வர்க்கச் சராசரிக்கு வர்க்கமூலம்) வேண்டும். சாதாரணமாகக் கிரைண்டிங் போட்ட பரப்பில் அது ஆர்.ஏ.யைப் போல 1.25 மடங்கு இருக்கும். இரு பரப்பின் ஆர்.கியூ.வையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இரண்டும் ஆர்.ஏ. 0.4 என்றால் கூட்டு 0.71 மைக்ரான், லாம்டா 0.47. ஹாப்பிங் (கிரைண்டிங்குக்கு முந்தைய பல்வெட்டு) மட்டும் போட்ட 1.6 மைக்ரான் பற்களாக இருந்தால் 0.12. சூப்பர்ஃபினிஷ் (மிக நுண்ணிய பாலிஷ்) செய்து 0.1-க்குக் கொண்டுவந்தால் 1.9. 0.05-க்குக் கொண்டுபோனால் 3.7.

ஜெர்மனியின் ஸ்ட்ரைபெக் 1902-இல் பேரிங்குகளில் அளந்து வரைந்த வளைகோட்டோடு இதைப் பொருத்திப் பாருங்கள். லாம்டா 1-க்குக் கீழே இருந்தால் முகடுகள் முகடுகளோடு மோதுகின்றன, சுமையில் கணிசமான பங்கை அவையே தாங்குகின்றன. முகடு மட்டுமே தாங்கும் இடத்தில் உராய்வுக் குணகம் 0.1-ஐத் தாண்டும். 1-க்கும் 3-க்கும் இடையில் கலப்பு நிலை. 3-க்கு மேலே போனால் உராய்வு என்பது எண்ணெயைக் கத்தரிப்பதற்கான விசை மட்டும்தான். அங்கே மேற்கொண்டு பாலிஷ் போட்டால் காசுதான் போகும், உராய்வு அசையாது. அந்த நிலையில் தடித்த எண்ணெய் ஊற்றுவதும் இழப்பைக் கூட்டும். கலப்பு நிலையில் கதை தலைகீழ்: தடித்த எண்ணெய் முகடுகளைப் பிரித்துவைத்து உராய்வைக் குறைக்கும். ஒரே எண்ணெய் மாற்றம் ஒருவருக்கு நன்மையாகவும் இன்னொருவருக்குத் தீமையாகவும் முடிவது இதனால்தான்.

லாம்டா 0.47 என்றால் கியர் இத்தனை நாள் எப்படி உயிரோடு இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதலாவது, அளவுக்கருவி காட்டும் சொரசொரப்பு சுமை இல்லாத பரப்பினுடையது. தொடும் பட்டைக்குள் நுழையும்போது அந்த அழுத்தம் நீண்ட அலைகளைத் தட்டையாக்கிவிடும், குறுகிய அலைகள்தான் தப்பிப் பிழைக்கும். இரண்டாவது, வழக்கமான 0.8 மி.மீ. கட்-ஆஃபில் (இதைவிட நீண்ட அலைகளை வடிகட்டிவிடும் எல்லை) அளக்கும்போது 0.34 மி.மீ. பட்டைக்குத் தெரியவே தெரியாத அலைகளும் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. அமெரிக்க கியர் உற்பத்தியாளர் சங்கமான ஆக்மாவின் 925 வழிமுறை இதற்கு ஒரு திருத்தம் தருகிறது. கட்-ஆஃபைப் பட்டையின் அகலத்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, லாம்டாவோடு பெருக்க வேண்டும். உங்கள் கியருக்கு அது 1.5 மடங்கு, அதாவது 0.47 என்பது 0.7 ஆகும். மூன்றாவது, எண்ணெயிலுள்ள கந்தக, பாஸ்பரஸ் இ.பி. (மிகை அழுத்தம் தாங்கும்) சேர்மானங்கள் முகடுகளின் மேல் ஒரு வேதிப் பூச்சை உண்டாக்கி எஃகு எஃகோடு ஒட்டாமல் தடுக்கின்றன. ஆக லாம்டா 1-க்குக் கீழே போனாலே கியர் செத்துவிடும் என்பதில்லை. உராய்வின் ஒரு பகுதி முகடுகளிலிருந்து வருகிறது, அந்தப் பகுதியைக் குறைக்க வழி இருக்கிறது என்பதுதான் அதன் பொருள்.

எவ்வளவு குறைக்கலாம்? ஜெர்மன் கியர் ஆய்வுகளிலிருந்து வந்து ஐ.எஸ்.ஓ. ஆவணங்களிலும் இடம்பிடித்த சராசரி உராய்வுச் சூத்திரத்தில் ஆர்.ஏ. 0.25 அடுக்கில் வருகிறது. சொரசொரப்பைப் பாதியாக்கினால் உராய்வு 16 சதவீதம் குறையும், கால்வாசியாக்கினால் 29 சதவீதம். எண்ணெய் 70 டிகிரியில் இருப்பதாக வைத்து உங்கள் கியருக்குப் போட்டால், ஆர்.ஏ. 1.6-க்கு உராய்வுக் குணகம் 0.055, 0.4-க்கு 0.039, 0.1-க்கு 0.028. பல் இழப்புக் காரணி (உராய்வுக் குணகத்தோடும் கடத்தும் திறனோடும் பெருக்கினால் இழப்பைத் தரும் எண்) 0.15 என்று எடுத்துக்கொண்டால் பற்களில் வெப்பமாகும் திறன் முறையே 730, 520, 365 வாட். இந்தச் சூத்திரத்துக்கு முழுப் படலம் என்ற எல்லை தெரியாது. ஆர்.ஏ.யைச் சுழியை நோக்கிக் கொண்டுபோனால் உராய்வும் சுழியை நோக்கிப் போகும் என்று சொல்லும், அது நடக்காது. 0.1-க்குக் கீழே அதை நம்ப வேண்டாம்.

அதாவது 0.4-லிருந்து 0.1-க்குப் போனால் உங்களுக்கு மிச்சமாவது 150 வாட் சொச்சம். 88 கிலோவாட்டில் அது 0.2 சதவீதம்கூட இல்லை. மின்கட்டணத்துக்காக மட்டும் என்றால் பாலிஷ் தகாது. ஆனால் அந்த 150 வாட் பிறக்கும் இடம் பல்லின் தோல். அங்கே குறையும் வெப்பம் தோலைக் குளிர்விக்கும், குளிர்ந்த தோலில் எண்ணெய் தடிக்கும், தடித்த படலம் முகடுகளை மேலும் பிரிக்கும். பல்லின் சூடு 90-லிருந்து 80 டிகிரிக்கு இறங்கினால் பாகுநிலை 25-லிருந்து 35 சென்டிஸ்டோக்ஸுக்கு ஏறி, படலம் கால் பங்குக்கு மேல் தடிக்கிறது. மின்சாரத்தைவிட ஆயுளில்தான் சொரசொரப்பின் உண்மையான விலை தெரியும். அமெரிக்காவின் நாசா க்ளென் ஆய்வு மையத்தில் 9310 எஃகுக் கியர்களை கிரைண்டிங் நிலையில் ஒரு தொகுதியாகவும், சொரசொரப்பைச் சுமார் ஐந்தில் ஒன்றாகக் குறைத்து ஒரு தொகுதியாகவும் ஓட்டிப் பார்த்ததில், மேற்பரப்புக் களைப்புக்கு எதிரான ஆயுள் ஏறக்குறைய 4 மடங்காகக் கூடியது.

பாலிஷுக்கு முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சூட்டுக்கு எல்லாப் பழியையும் பல் மேல் போட வேண்டாம். பினியனின் பிட்ச் கோட்டு வேகம் நொடிக்கு 7.85 மீட்டர். இந்த வேகத்தில் எண்ணெய் மட்டம் கூடுதலாக இருந்தால் பெரிய கியர் எண்ணெயைக் கடைவதிலேயே சில நூறு வாட் போய்விடும். பெரிய கியரின் பல் இரண்டு, மூன்று பல்லுயரத்துக்கு நனைந்தால் போதும். பேரிங், சீல் இழப்புகளும் பாலிஷால் குறையாது. மட்டத்தைச் சரிசெய்த பிறகும் சூடு குறையவில்லை என்றால்தான் பல் உராய்வைத் தேட வேண்டும்.

அடுத்து எண்ணெய். அதே உராய்வுச் சூத்திரத்தில் எண்ணெய் வகைக்கு ஒரு காரணி இருக்கிறது: மினரலுக்கு 1, செயற்கை எண்ணெய்களான பாலிஆல்ஃபாஓலிஃபினுக்கு 0.8, பாலிகிளைக்காலுக்கு 0.6 முதல் 0.7 வரை. பல்லைத் தொடாமல் எண்ணெயை மாற்றினாலே 20 சதவீத உராய்வு போகிறது. ஆர்.ஏ.யை 0.4-லிருந்து 0.16-க்கு இறக்கினால் கிடைக்கும் பலன் அது. பாலிகிளைக்காலில் இன்னும் கூடுதல் பலன், ஆனால் மினரல் எண்ணெயோடு அது கலக்காது. சில பெயிண்டுகளையும் சீல்களையும் ஊறவைத்துக் கெடுக்கும். பழைய எண்ணெய் ஒரு லிட்டர் பெட்டிக்குள் தங்கினாலும் தொல்லை. பழைய பெட்டிக்குப் பாலிஆல்ஃபாஓலிஃபின்தான் என் தேர்வு.

சரி, பாலிஷ்தான் செய்வது என்று முடிவானால், இரண்டு கியருக்கும் செய்ய வேண்டும். பினியன் சின்னது, எளிதில் பாலிஷ் தொட்டிக்குள் போகும் என்று அதை மட்டும் 0.1-க்குக் கொண்டுவந்து, வீலை (பெரிய கியரை) 0.4-இலேயே விட்டால், கூட்டுச் சொரசொரப்பு 0.71-லிருந்து 0.52-க்குத்தான் இறங்கும். லாம்டா 0.47-லிருந்து 0.64. இரண்டையும் செய்தால் 1.9. வர்க்கப்படுத்திக் கூட்டுவதால் சொரசொரப்பான பரப்புதான் எப்போதும் ஜெயிக்கும்.

கையில் எமரித் தாள் எடுத்துத் தேய்ப்பதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். ஐ.எஸ்.ஓ. தரம் 6-இல் இந்த அளவுக் கியருக்குப் பல்வடிவப் பிழைக்கு இருக்கும் இடமே பத்துப் பதினைந்து மைக்ரான்தான். கைத் தேய்ப்பு அதைத் தின்றுவிடும். பளபளப்பு வரும், கூடவே சத்தமும் அதிர்வுச் சுமையும் வரும். பல்லில் பதிந்த எமரித் துகள் பிறகு பேரிங்குக்குப் போகும்.

சரியான வழிகள் இரண்டு. கிரைண்டிங் எந்திரத்திலேயே, அதே ஸ்பிண்டிலில் சாதாரண வார்ம் (திருகு வடிவ) கல்லுக்குப் பக்கத்தில் மென்மையான ரெசின் பிணைப்புள்ள பாலிஷ் கல்லை வைத்துக் கடைசிப் பாஸ் ஓட்டுவது ஒன்று. பல்வடிவம் கெடாமல் 0.1, 0.2 மைக்ரானுக்கு வரலாம். மின்வாகன கியர்களில் இது பரவலாகிவிட்டது. மற்றது வேதியியல் துணையோடு செய்யும் அதிர்வுத் தொட்டி முறை. சிராய்க்காத பீங்கான் கற்கள் நிறைந்த தொட்டியில் கியரைப் போட்டு, ஆக்சாலிக் அமிலம் போன்ற மென்மையான கரைசலைச் செலுத்துவார்கள். எஃகின் மேல் மெல்லிய, மிருதுவான ஒரு படிவு உண்டாகும். கற்கள் உரசும்போது முகட்டின் மேலிருக்கும் படிவு மட்டும் உரிந்து, அங்கே புது எஃகு வெளிப்பட்டு மறுபடி படிவாகும். பள்ளத்திலிருக்கும் படிவைக் கல் தொடாது. இப்படி முகடு மட்டும் சில மணி நேரத்தில் தேய்கிறது. கடைசியில் சோப்புக் கரைசலில் ஓட்டிப் பளபளப்பாக்குவார்கள். சூடு ஏறாததால் கடினம் இறங்காது.

இந்த முறையில் தவறுவது எங்கே என்றால், தொடக்கப் பரப்பில். 1.6 மைக்ரான் ஹாப்பிங் பரப்பைத் தொட்டியில் போட்டு 0.1 எதிர்பார்த்தால், ஒன்று பள்ளங்கள் மிஞ்சும், அல்லது அவை மறையும்வரை ஓட்டிப் பல்வடிவம் போகும். கிரைண்டிங்கிலேயே 0.4-க்கு வந்த பல்லுக்குத்தான் இது. எடுபடும் மைக்ரான்களைக் கிரைண்டிங் அளவிலேயே கூட்டிவைக்க வேண்டும். கிரைண்டிங்கில் கருகிய பல்லை இது குணப்படுத்தாது, பளபளப்புக்குள் மறைத்துவிடும். ஆகவே தொட்டிக்குப் போகும் முன்பே நைட்டல் எட்ச் (அமிலக் கரைசலால் கருகலைக் காட்டும்) சோதனை முடிந்திருக்க வேண்டும்.

பள்ளம் கொஞ்சம் மிஞ்சுவது கெடுதல் அல்ல. ஆர்.ஏ. ஒரு சராசரி மட்டுமே. மேலே நீட்டும் ஊசி முகடுகளும், சமதளத்தில் வெட்டிய பள்ளங்களும் ஒரே ஆர்.ஏ. காட்டலாம். உராய்வுக்கு முதலாவது விரோதி, இரண்டாவது ஏறக்குறைய அப்பாவி. அதனால் அறிக்கையில் ஆர்.பி.கே. என்ற முகட்டு உயர அளவையும் கேளுங்கள். பரப்பு முகட்டுப் பக்கமா பள்ளத்துப் பக்கமா சாய்ந்தது என்று சொல்லும் ஆர்.எஸ்.கே. கழித்தல் குறியோடு வந்தால் முகடுகள் போய்ப் பள்ளங்கள் மிஞ்சியிருக்கின்றன என்று பொருள்.

அளக்கும் திசைதான் நான் பார்க்கும் அறிக்கைகளில் அதிகம் கோட்டைவிடப்படுவது. கிரைண்டிங் கோடுகள் பல்லின் அகலவாக்கில் ஓடும். வழுக்கல் நடப்பது அடியிலிருந்து நுனிக்கு, அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே. ஊசியை அகலவாக்கில் இழுத்தால் அது கோட்டுக்குள்ளேயே ஓடி, 0.4 மைக்ரான் பல்லை 0.2 என்று காட்டிவிடும். அடியிலிருந்து நுனிக்குத்தான் இழுக்க வேண்டும். ஊசி முனை ஆரம் 2 மைக்ரான், சறுக்குக்கால் (ஊசியோடு பரப்பில் சறுக்கும் தாங்கி) இல்லாத கருவி, இன்வால்யூட் எனும் பல்வளைவை நீக்கும் வடிகட்டல், இவை மூன்றும் கட்டாயம். 0.8 கட்-ஆஃபுக்கு 4 மி.மீ. அளவு நீளம் தேவை. சின்ன மாட்யூல் (பல்லளவு) பல்லில் அவ்வளவு இடம் இருக்காது, 0.25 கட்-ஆஃபுக்கு இறங்குங்கள். ஆனால் ஒரு தொகுதியை 0.8-இலும் அடுத்ததை 0.25-இலும் அளந்துவிட்டு ஒப்பிடக் கூடாது.

புதுக் கியரானால் ரன்னிங்-இன். முதல் பத்து மணி நேரம் பாதிச் சுமையில் ஓட்டினால் உயர்ந்த முகடுகள் நசுங்கியும் தேய்ந்தும் பரப்பு தானாகவே ஒரு படி வழவழப்பாகும். பிறகு எண்ணெயைச் சூடாக இருக்கும்போதே வடித்து, ஃபில்டரை மாற்றிவிட்டு முழுச் சுமை. நேரே முழுச் சுமையில் தொடங்கினால் அதே முகடுகள் பற்றிக்கொண்டு கிழியும். அதுதான் ஸ்கஃபிங். நுனியிலோ அடியிலோ, வழுக்கல் அதிகமான இடத்தில், வழுக்கல் திசையில் கீறல் கீறலாகத் தெரியும். பிட்ச் கோட்டில் வழுக்கல் இல்லாததால் அங்கே ஒரு பட்டை தப்பித்து நிற்கும்.

மைக்ரோபிட்டிங் என்ற இன்னொரு சேதம் இதைவிட அமைதியானது. டார்ச்சைப் பல்லின் மேல் நேராக அடிக்காமல் சாய்த்து அடித்துப் பாருங்கள். பினியன் பல்லின் அடிப்பகுதியில், பிட்ச் கோட்டுக்குக் கீழே, மூச்சுபட்ட கண்ணாடி போல ஒரு சாம்பல் மங்கல் தெரியும். துணியால் துடைத்தால் போகாது. நகத்தால் தடவினால் எதுவும் தட்டுப்படாது. உருப்பெருக்கியில் பார்த்தால் அது பத்து இருபது மைக்ரான் ஆழமுள்ள நுண்குழிகளின் கூட்டம். ஒவ்வொரு முகடும் சுமையில் வளைந்து வளைந்து களைத்து உதிர்ந்த இடங்கள் அவை. பிட்ச் கோட்டுக்குக் கீழே உருளலும் வழுக்கலும் எதிரெதிர்த் திசையில் இருப்பதால் விரிசல் அங்கே எளிதில் வளர்கிறது. லாம்டா குறைவாக இருந்து, சேர்மானங்களும் மிகக் கடுமையாக இருந்தால் இது வேகமாக வரும். சேர்மானம் முகட்டைத் தேயவிடாமல் காப்பதால் முகடு மழுங்க வாய்ப்பில்லாமல் களைத்துப் போகிறது. முப்பந்தல் பக்கம் சுழல்வது போன்ற காற்றாலைகளின் கியர்பாக்ஸ்களுக்கு இது பழகிய வியாதி. அவற்றின் முதல் நிலை மிக மெதுவாகச் சுற்றுவதால் வி.ஜி. 320 எண்ணெய் ஊற்றியும் படலம் மெலிதாகவே இருக்கும்.

எண்ணெய் வாங்கும்போது, எஃப்.இசட்.ஜி. கியர்ச் சோதனையில் 12-ஆம் சுமைப் படி தேறியது என்ற வரியோடு நிறுத்திவிடாதீர்கள். மியூனிக்கில் உருவான அந்த எந்திரத்தில், 91.5 மி.மீ. மைய தூரக் கியர்களை வைத்துப் பார்க்கும் அந்த எண் ஸ்கஃபிங்குக்கு உரியது. மைக்ரோபிட்டிங்குக்குத் தனிச் சோதனை உண்டு, எஃப்.வி.ஏ. 54 என்று கேளுங்கள்.

உங்கள் பெட்டிக்கு நான் சொல்வது: எண்ணெய் மட்டத்தை இந்த வாரமே சரிபாருங்கள். அடுத்த எண்ணெய் மாற்றத்தில் பாலிஆல்ஃபாஓலிஃபின் வி.ஜி. 220. மாற்றும்போது பினியன் பற்களைச் சாய்ந்த ஒளியில் பாருங்கள். மங்கல் இல்லையென்றால் ஓடும் கியரைக் கழற்றிப் பாலிஷ் போட வேண்டாம். மங்கல் தெரிந்தால் அதே பல்லில் சிலிக்கோன் ரப்பர் அச்சு எடுத்துவைத்து, 500 மணி நேரத்துக்குப் பிறகு மறுபடி எடுத்து ஒப்பிடுங்கள், பரவுகிறதா நின்றுவிட்டதா என்று தெரிந்துவிடும். பரவினால் அடுத்த ஜோடியைச் சூப்பர்ஃபினிஷோடு ஆர்டர் செய்யுங்கள். வரைபடத்தில் இப்படி எழுதுங்கள்: ‘பினியன், வீல் இரண்டின் பற்பக்கமும் ஆர்.ஏ. 0.1 மைக்ரானுக்கு மிகாமல், அடியிலிருந்து நுனி நோக்கி அளந்தது, கட்-ஆஃப் 0.25 மி.மீ., நைட்டல் எட்ச் சோதனைக்குப் பின் ஃபினிஷ், பல்வடிவச் சோதனை ஃபினிஷுக்குப் பின்.’